பால்வெட்டை மெய்நிகர் விளையாட்டாக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நிரைக்காரி, சுங்கை சிப்புட்

அன்பர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா முடித்தவள். ஜாவாவும் ஓரளவு பைத்தனும் எழுத வரும். சி ஷார்ப் தொட்டதில்லை. பிளெண்டரில் மேசை, நாற்காலி செய்து பார்த்ததோடு என் முப்பரிமாண அனுபவம் முடிந்துவிடுகிறது.

என் பாட்டி ரப்பர் மரத்தில் பால்வெட்டிய தோட்டம் முழுவதும் இன்று செம்பனையாகிவிட்டது. வீட்டில் அவருடைய உளியும், பால் பிடிக்கும் மங்குகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றை வைத்து என்ன செய்தார்கள் என்று தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் காட்ட மரம் இல்லை. விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு ரப்பர் மரத்தின் முன்னால் நின்று, வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய கோட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து வைத்து, பட்டையைச் சீவி, பால் வடிந்து மங்கில் விழும் வரையிலான வேலையை மெய்நிகர் விளையாட்டாகச் செய்ய விரும்புகிறேன். முதலில் ஒரு நிரை (மரவரிசை), அதன் பிறகு பால் எடுப்பது, நிறுப்பது, லயம் (தொழிலாளர் வரிசைவீடுகள்), பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) என்று விரிக்கலாம் என்பது எண்ணம். முடிந்தால் இங்குள்ள தமிழ்ப்பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. தலையில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர்க் கருவியான ஹெட்செட் இன்னும் வாங்கவில்லை. விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களான (எஞ்சின்) யூனிட்டி, அன்ரியல், கோடோ ஆகியவற்றில் எதை எடுப்பது, ஹெட்செட் இல்லாமலே தொடங்க முடியுமா, கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டிக் கண்ணாடி போதுமா என்பதையெல்லாம் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். விளையாட்டின் எழுத்துகள் எல்லாம் தமிழில் வரவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: ஈப்போ நிரலாளர்

வணக்கம். உங்கள் திட்டத்தில் லயம், பெரட்டு, நிறுவை என்று விரிகிற பகுதியை எழுதி வைத்துவிட்டு இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு மரம், ஓர் உளி, ஒரு மங்கு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஓடும் விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் மரம் வெட்டப்பட்டதாகக் காட்டிவிடலாம். மெய்நிகரில் விளையாடுகிறவர் தம் கையையே கொண்டுவருகிறார் என்பதால், அந்தக் கை செய்வதற்கு மரம் சரியாக மறுமொழி தராவிட்டால், சுற்றிலும் எவ்வளவு அழகான தோட்டத்தை எழுப்பியிருந்தாலும் பயனில்லை. தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் உலகத்தை முதலில் கட்டிவிட்டுக் கையைக் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள். நீங்கள் கையிலிருந்து தொடங்குங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, அன்ரியலை உங்கள் கணினியில் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு என்பதால் அதை விட்டுவிடலாம். மீதமுள்ள இரண்டில் நான் யூனிட்டியைச் சொல்வேன். ஜாவா தெரிந்தவருக்குச் சி ஷார்ப் அந்நியமாக இருக்காது. பொருளைப் பிடிப்பது, விடுவது, தொலைவிலுள்ளதைச் சுட்டுவது, இடம் தாவுவது போன்ற அடிப்படைச் செயல்களை எக்ஸ்ஆர் இன்டராக்‌ஷன் டூல்கிட் என்ற தொகுப்பு ஆயத்தமாகவே தருகிறது. யூனிட்டி லேர்ன் தளத்தில் மெய்நிகருக்கென்றே இலவசப் பாடத்தொடரும் உண்டு. கட்டணத்தைப் பற்றிப் பழைய செய்திகளைப் படித்துப் பயந்திருந்தால் விளக்கிவிடுகிறேன்: நிறுவல் எண்ணிக்கைக்குக் கட்டணம் வாங்கப்போவதாக 2023 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது; எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. யூனிட்டி 6 வெளிவந்தபோது, ஆண்டு வருமானம் 2 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டாதவர்களுக்குத் தனிநபர் பதிப்பு இலவசம் என்று வைத்தார்கள். பள்ளிக் கண்காட்சிக்குச் செய்கிறவர் அந்த எல்லையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எதைத் தேர்ந்தாலும் ஓபன்எக்ஸ்ஆர் வழியாகவே செய்யுங்கள். எல்லா நிறுவனங்களின் ஹெட்செட்டுகளுக்கும் பொதுவாகக் குரோனோஸ் குழுமம் 2019இல் வெளியிட்ட தரம் அது. நாளைக்கு வேறு நிறுவனத்தின் ஹெட்செட்டுக்கு மாறினாலும் நிரலைப் பெரிதாகத் திருத்த வேண்டியிராது.

ஹெட்செட் இல்லாமல் தொடங்கலாம். மேற்சொன்ன டூல்கிட்டோடு வரும் டிவைஸ் சிமுலேட்டரில், விசைப்பலகையாலும் சுட்டியாலும் தலையையும் இரு கைகளையும் நகர்த்திச் சோதிக்க முடியும். பிடிக்கிறதா, விழுகிறதா, எண்ணிக்கை ஏறுகிறதா என்பதையெல்லாம் அதிலேயே பார்த்துவிடலாம். மரம் உயரமாகத் தெரிகிறதா, உளி கைக்குப் பொருந்துகிறதா, தலை சுற்றுகிறதா என்பவற்றை மட்டும் அது ஒருபோதும் சொல்லாது. அட்டைப்பெட்டிக் கண்ணாடி உங்கள் வேலைக்கு உதவாது. கூகுள் 2014இல் கொண்டுவந்து 2021இல் விற்பனையை நிறுத்திய அந்த முறையில், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மட்டுமே தெரியும். முன்னால் குனிந்து மரத்தை நெருங்கினால் மரமும் கூடவே விலகிப்போகும். கைகளைத் தொடரவும் வழியில்லை. குனியாமல் பால்வெட்ட முடியுமா?

ஹெட்செட் வாங்கும் காலம் வரும்போது, 2024 அக்டோபரில் வெளிவந்த மெட்டா குவெஸ்ட் 3எஸ் போதுமானது. அறிமுக விலை 299 அமெரிக்க டாலர். அதைவிட விலை கூடிய குவெஸ்ட் 3இல் உள்ள அதே சில்லுதான் (பிராசசர்) இதிலும் இருக்கிறது. பழையது வாங்குவதானால் குவெஸ்ட் 2 வரைக்கும் சரி. 2019இல் வந்த முதல் குவெஸ்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. விற்பவரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கடையிலேயே இயக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

உங்கள் கணினியில் கிராபிக்ஸ் அட்டை இல்லாதது இங்கே பெரிய தடையல்ல. கணினியில் ஓடும் காட்சியை ஹெட்செட்டுக்கு நேரலையாக அனுப்பும் லிங்க் வசதிக்குத்தான் அது தேவை. குவெஸ்டுக்குள் இருப்பது ஆண்ட்ராய்டு என்பதால், செயலியைக் கட்டி, யுஎஸ்பி கம்பி வழியே ஏற்றி, அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதற்கு உருவாக்குநர் கணக்கைச் சரிபார்த்து, கைப்பேசிச் செயலியில் உருவாக்குநர் நிலையைத் திறந்துவிட வேண்டும். கணினி ஹெட்செட்டைக் கண்டுகொள்ளவில்லையென்றால் முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். மின்னேற்ற மட்டுமே உதவும் கம்பிகள் தரவைக் கடத்துவதில்லை. நினைவகத்தை மட்டும் 16 ஜிபிக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். கணினிக் கடையில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில்: பழைய மண்டோர்

தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த மண்டோர் நான், எனக்குக் கணினி தெரியாது. இந்தப் பக்கத்தை என் மகன் காட்டியதால், மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தங்கச்சி கணினியில் செய்யப்போகும் மரம் பார்ப்பவர்களுக்கு மரமாகத் தெரிந்தால் போதாது, வெட்டு மரமாகத் தெரியவேண்டும்.

கோடு மரத்தைச் சுற்றி முழுவட்டமாக ஓடாது, பாதிச் சுற்றுதான். இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும், ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்கும். படம் வரைகிறவர்கள் பலரும் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுவதால், இடமிருந்து வலமாக இறங்கும் கோடுதான் அதிகமான குழாய்களை அறுக்கும். சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக இருக்கவேண்டும்; ஆழத்துக்கும் கணக்கு உண்டு, உள்ளே மரத்தை வளரச்செய்யும் மெல்லிய அடுக்கான வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டரோ சற்றுக் கூடுதலோ விட்டு நிறுத்த வேண்டும். மேலோடு நின்றுவிட்டால் பால் குறையும். படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அந்த முடிச்சின் மேல் மறுபடியும் ஒழுங்காகக் கோடு போட முடியாது. எங்கள் காலத்தில் ஒருவர் எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பதோடு, அவருடைய மரத்தில் எத்தனை காயம் என்பதையும் பார்ப்போம்.

உளியை மரத்துக்குள் குத்தித் தள்ளக் கூடாது. நாங்கள் கீழ்ப்பட்டையில் பயன்படுத்திய உளி தன் பக்கமாக இழுத்து வெட்டுவது. சிறு சிறு இழுப்பாக, கோட்டின் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு வரவேண்டும். அதற்கு முன் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் காசுதான். விடியலுக்கு முன்னால் போவது வழக்கத்துக்காக அல்ல. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரம் முழுக்க வழிந்துவிடும் என்பதால் அன்றைக்கு வெட்டு இல்லை. ஒரே மரத்தைத் தினமும் வெட்டுவதும் இல்லை. பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பதில்: கோடோ பக்கம்

மண்டோர் ஐயா எழுதியதை அப்படியே விளையாட்டின் விதிகளாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. மதிப்பெண்ணைப் பாலின் அளவிலிருந்தும் காயத்தின் எண்ணிக்கையிலிருந்தும் எடுத்தால், வேறு எதையும் கற்பனை செய்யவே தேவையில்லை.

எஞ்சின் தேர்வில் மட்டும் ஈப்போ அண்ணனோடு வேறுபடுகிறேன். எல்லா எழுத்தும் தமிழில் வரவேண்டும் என்று கேள்வியில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. யூனிட்டியில் எழுத்துகளைக் காட்ட எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ, தமிழை ஒழுங்காக அடுக்குவதில்லை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்தை அடுக்கும் நிரலின் பொறுப்பு. அந்த வேலையை டெக்ஸ்ட்மெஷ்புரோ செய்யாததால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’, ‘கோ’ போன்றவை உடைந்து தெரியும். நல்ல எழுத்துருவைப் போட்டாலும் இது சரியாகாது, ஏனெனில் குறை எழுத்துருவில் இல்லை. யூனிட்டி 6இல் அட்வான்ஸ்டு டெக்ஸ்ட் ஜெனரேட்டர் என்ற புதிய வழி வந்திருக்கிறது. ஆனால் அது வேறோர் இடைமுக அமைப்பைச் சேர்ந்தது, தொடக்கநிலையில் அதையும் சேர்த்துப் படிப்பது சுமை.

கோடோ 4 இதற்கென்று ஹார்ஃப்பஸ் நூலகத்தை உள்ளேயே வைத்திருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டு, முப்பரிமாண வெளியில் ஒரு லேபிளை நிறுத்தி, தமிழில் தட்டினால் தமிழாகவே வரும். மென்பொருளும் சிறியது, 8 ஜிபி கணினியில் மூச்சுத் திணறாமல் ஓடும். எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் வருமான எல்லை என்ற பேச்சே இல்லை. ஓபன்எக்ஸ்ஆர் ஆதரவும் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கக் காட்சிக்கு எக்ஸ்ஆர்ஒரிஜின், அதன்கீழ் ஒரு கேமரா, கையில் பிடிக்கும் கருவிகளுக்கு இரண்டு கண்ட்ரோலர் என்று நான்கு முனைகள் (காட்சியின் உறுப்புகள்) போதும். பிடிப்பதற்கும் நகர்வதற்கும் கோடோ எக்ஸ்ஆர் டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். குவெஸ்டுக்கு ஏற்றுமதி செய்யும்போது ஓபன்எக்ஸ்ஆர் வெண்டர்ஸ் என்ற கூடுதல் இணைப்பை நிறுவ மறக்கவேண்டாம். அதை விட்டுவிட்டுச் செயலி ஏன் தட்டையான சாளரமாகத் திறக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய.

குறையையும் சொல்கிறேன். கோடோவின் மெய்நிகர்ப் பாடங்கள் யூனிட்டி அளவுக்கு இல்லை. சிக்கல் வந்தால், அதே சிக்கலை முன்னமே ஒருவர் தீர்த்திருக்கும் வாய்ப்பு யூனிட்டியில்தான் அதிகம். யூனிட்டியையே எடுத்தால், தமிழ் வாக்கியங்களை முன்கூட்டியே படங்களாகச் செய்து பலகைகளில் ஒட்டிவிடுங்கள். மாறிக்கொண்டிருக்கும் எண்ணை மட்டும் எழுத்தாக விடலாம். அதைவிட நல்லது, எழுத்தையே குறைத்துவிடுவது. ஹெட்செட்டுக்குள் நீண்ட வாக்கியங்களைப் படிப்பது கண்ணுக்கு வேலை. பக்கத்தில் நிற்கும் மண்டோரின் குரல் ‘ஆழம் போகுது, கையைத் தளர்த்து’ என்று சொன்னால், பலகை எதற்கு?

நிரைக்காரி

மூவருக்கும் நன்றி. நினைவகத்தை 16 ஜிபிக்கு உயர்த்திவிட்டேன். கோடோ அண்ணன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பாடங்கள் அதிகமாகக் கிடைக்கும் இடத்தில் தொடங்குவதே எனக்கு நல்லது என்பதால் யூனிட்டியை எடுத்து, எழுத்துக்குப் பதில் குரல் என்று முடிவு செய்திருக்கிறேன். கடை முதலாளியின் உறவினர் ஒருவர் தம் குவெஸ்ட் 2ஐ இரவல் கொடுத்திருக்கிறார்.

மரத்துக்குப் பதிலாக ஓர் உருளை, உளிக்குப் பதிலாக ஒரு நீள்பெட்டி வைத்துச் செய்து பார்த்தேன். பிடிப்பது சுலபமாகவே வந்தது. ஆனால் வெட்டப்போனால் உளி மரத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. மோதலைத் தடுக்கும்படி இயற்பியலை இயக்கினால் உளி துடித்துத் துடித்துத் தெறித்து ஓடுகிறது. இன்னொன்று, சோதனைக்காக இணையத்தில் கிடைத்த இலையடர்ந்த மரங்களை வரிசையாக நட்டேன். தலையைத் திருப்பினால் காட்சி இழுத்துக்கொண்டு வருகிறது.

பதில்: ஈப்போ நிரலாளர்

தமிழ் எழுத்தைப் பற்றிக் கோடோ அன்பர் சொன்னது சரி. இப்போது உளிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் விளையாட்டே அதுதான்.

மெய்நிகரில் எந்தப் பொருளும் கையைத் தடுத்து நிறுத்தாது. மரம் இருக்கிறது என்று கண் சொல்லும், இல்லை என்று கை சொல்லும். இதை இயற்பியலால் தீர்க்கப் பார்த்தால், உள்ளே போக விரும்பும் கையும் வெளியே தள்ளும் கணக்கும் மோதிக்கொண்டு நீங்கள் கண்ட அந்தத் துடிப்பு வரும். ஆகவே உளியின் உருவத்தைக் கையிலிருந்து பிரித்துவிடுங்கள். உண்மையான கண்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கண்ணுக்குத் தெரியாத புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை 0 முதல் 1 வரை அளக்கக்கூடிய ஒரு வளைவாக மரத்தின் மேல் வரையுங்கள். உளியின் முனை கோட்டுக்கு அருகே வந்ததும், தெரிகிற உளி அந்த வளைவில் ஒட்டிக்கொண்டு அதன் வழியாக மட்டுமே நகரட்டும். மறைந்திருக்கும் புள்ளி மரத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையே அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கை கோட்டை விட்டு வெகுதூரம் விலகினால் பிடியை விட்டுவிட வேண்டும். பார்ப்பவரின் மூளை, கண்ணுக்குத் தெரியும் கையையே தன் கை என்று ஏற்றுக்கொள்வதால், சில சென்டிமீட்டர் வேறுபாட்டைப் பெரும்பாலோர் உணர்வதே இல்லை.

மண்டோர் ஐயா சொன்ன மில்லிமீட்டர்களை அப்படியே போடாதீர்கள். எதிர்த்துத் தாங்கும் மரம் இல்லாத வெறுவெளியில், எந்தக் கையும் ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்காது. கண்ட்ரோலரின் இடத்தைக் கணிப்பதிலும் சிறு நடுக்கம் இருக்கும். கையின் ஒரு சென்டிமீட்டர் நகர்வை உளியின் ஒரு மில்லிமீட்டர் ஆழமாகக் குறுக்கிக்கொள்ளுங்கள், பிறகு சோதித்துத் திருத்துங்கள். ஆழத்தை அதிர்வால் உணர்த்துங்கள்: மேலோடு போகும்போது மெல்லிய முறுமுறுப்பு, சரியான ஆழத்தில் சீரான அதிர்வு, படலத்தைத் தொட்டால் ஒரு கடுமையான உதறல். கூடவே, பட்டை சீவப்படும் ஒலி. பாட்டியின் உளியால் ஏதாவது ஒரு மரக்கட்டையைச் சீவி உங்கள் கைப்பேசியிலேயே பதிவு செய்யுங்கள். கை ஏமாறுவதில் பாதி வேலை காதுவழியாகத்தான் நடக்கிறது.

பட்டையின் வடிவத்தை நிஜமாகவே வெட்ட முயலவேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே முப்பரிமாண உருவத்தை அறுப்பது கனமான கணக்கு. பால்வெட்டுக்குத் திறக்கும் மரம் 50 செ.மீ. சுற்றளவு இருக்கும் என்பது பொதுவான அளவு. பாதிச் சுற்றில் 30 பாகைச் சரிவு என்றால் கோட்டின் நீளம் ஏறக்குறைய 29 செ.மீ. அதை 30 சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெட்டப்படாதது, சரியாக வெட்டப்பட்டது, மேலோடு போனது, காயம் பட்டது என்று ஒரு நிலையை வைத்தால் போதும். உளி கடக்கும்போது அந்தத் துண்டின் நிறமும் மேற்பரப்பும் மாறும், ஒரு சுருள் பட்டை உதிரும், பால் துளிர்க்கும். இழுக்கும் திசையில் நகர்ந்தால் மட்டுமே வெட்டு விழும் என்று வைத்துவிட்டால், ஐயா சொன்ன முறையை விளையாட்டே கற்றுக்கொடுத்துவிடும். பாலை நீர்ம உருவகமாகக் கணக்கிட வேண்டாம். கோட்டின் மேல் ஊரும் வெள்ளைப் படலம் ஒன்றும், மங்குக்குள் மெல்ல உயரும் வட்டத்தட்டு ஒன்றும் போதும்.

அடுத்து, இழுபறிக்கு வருகிறேன். வினாடிக்கு 72 முறை படம் மாறவேண்டும் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 13.9 மில்லிவினாடிதான் கிடைக்கும். அதற்குள் இரண்டு கண்களுக்கும் வரைந்து முடிக்கவேண்டும். இலைக்கொத்துகள் ஒளிபுகும் தட்டைகளாகச் செய்யப்பட்டவை. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவரும்போது ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப வரையவேண்டியிருக்கும், கைப்பேசி வகைச் சில்லுக்கு இது தாங்காது. ஆனால் உங்கள் கதை விடியலுக்கு முன் நடப்பதால் பிழைத்தீர்கள். நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் வருவது அடிமரமும் கையும்தான். மேலே இருக்கும் இலையைக் காட்டவே வேண்டாம். தீம்பாரின் (ரப்பர்த் தோட்டத்தின்) அடுத்த நிரைகளை எளிய உருளைகளாக ஒரே மாதிரியில் பன்மடங்காக்கிப் போட்டு, மூடுபனியில் கரைத்துவிடுங்கள். விளக்குக்கு ஓர் ஒளிமூலம் போதும், அதற்கு நேரலை நிழல் வேண்டாம்; திரைமுழுக்கச் செய்யும் பின்வேலைப்பாடுகளையும் அணைத்துவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: குவெஸ்ட் 2, 3, 3எஸ் மூன்றிலும் இருப்பது எல்சிடி திரை, முழுக்கறுப்பு என்று நீங்கள் கொடுப்பது அங்கே சாம்பலாகத்தான் தெரியும். இருட்டைக் கருப்பாகச் செய்யாமல் அடர்நீலமாகச் செய்தால் அந்தக் குறை தெரியாது.

பதில்: பள்ளி நூலகம், கோலகங்சார்

நான் நிரலர் இல்லை. எங்கள் பள்ளியில் ஹெட்செட் வைத்துச் சில கண்காட்சிகள் நடத்தியிருக்கிறோம் என்பதால் நிரைக்காரிக்குச் சில வார்த்தைகள்.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மெட்டாவின் கருவிகள் ஏற்றவை அல்ல என்பது அந்நிறுவனமே வைத்திருக்கும் விதி. ஆகவே முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். போட்டிருப்பவர் பார்ப்பதைப் பெரிய திரையில் காட்டினால், வரிசையில் நிற்பவர்களுக்கும் சின்னவர்களுக்கும் அதுவே விளையாட்டாகிவிடும். பள்ளி மண்டபத்து இணையத்தை நம்பாமல், செயலி இணையமின்றி முழுமையாக ஓடும்படி செய்துகொண்டு வாருங்கள்.

விளையாட்டுக்குள் நடக்கவிடாமல் ஒரே மரத்தடியில் நிறுத்தியிருப்பது நல்லது. கண் நகர்வதைக் காணும்போது உட்காதின் சமநிலை உறுப்பு அசைவை உணராவிட்டால்தான் குமட்டல் வருகிறது. உங்கள் விளையாட்டில் உடம்பு அசைந்த அளவுக்கே காட்சியும் அசைகிறது. அடுத்த மரத்துக்குப் போகவேண்டுமானால், வழுக்கிக்கொண்டு போகாமல், காட்சியை இருட்டாக்கி அங்கே திறந்துவிடுங்கள். பால்வெட்டிய பாட்டிமார் வந்து பார்க்க ஆசைப்படுவார்கள். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து வெட்டும்படி கோட்டின் உயரத்தை இறக்கும் ஒரு விசையை இப்போதே வைத்துவிடுங்கள். முகத்தில் படும் பஞ்சைத் துடைக்க ஆள் ஒருவர் வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

நிரைக்காரி

உளியைக் கோட்டில் ஒட்டவைக்கும் முறை வேலை செய்கிறது. இருட்டும் மூடுபனியும் போட்டபின் இழுபறி நின்றுவிட்டது. அதிர்வில் மேலோட்டத்துக்கும் சரியான ஆழத்துக்கும் இடையே வேறுபாடு இன்னும் போதவில்லை; அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

உருளையை அகற்றிவிட்டு நிஜ மரத்தின் உருவத்தை வைக்க விரும்புகிறேன். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் இன்னும் நிற்கும் அந்த மரத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து முப்பரிமாணமாக்கலாமா?

பதில்: பழைய மண்டோர்

அது பார்க்கவேண்டிய மரம், அம்மா, வெட்டும் மரமாகக் காட்டக்கூடியது அல்ல. அவ்வளவு பருத்த அடிமரத்தில் பாதிச்சுற்றுக் கோடு போட்டால், பிள்ளைகள் அதுதான் தோட்டத்து மரம் என்று நினைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த சிறுதோட்டக்காரர் ஒருவர் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன். வெட்டு இல்லாத நாளில் போய், கோட்டுப்பால் ஒட்டியபடியே ஒரு மரத்தையும், உரித்தபின் அதே மரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மங்கைத் தாங்கும் கம்பியையும் பால் இறங்கும் தகரத் துண்டையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்; அவற்றை யாரும் சரியாக வரைவதில்லை.

பதில்: ஈப்போ நிரலாளர்

வெயில் நேரடியாக விழாத, மேகம் மூடிய காலையில் எடுங்கள். வெயிலின் நிழல் பட்டையில் பதிந்துவிட்டால் உங்கள் இருட்டுக்குள் அது பொருந்தாது. மரத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கும்படி எடுக்கவேண்டும். கணினியில் உருவாக்கும் மென்பொருள்கள் சில என்விடியா அட்டையைக் கேட்கும் என்பதால் உங்களுக்கு ஒத்துவராது. எபிக் நிறுவனத்தின் ரியாலிட்டிஸ்கேன் கைப்பேசிச் செயலி கணக்கைத் தன் வழங்கியில் முடித்துத் தந்துவிடும். வரும் உருவம் பல லட்சம் முக்கோணங்களோடு இருக்கும். பிளெண்டரில் டெசிமேட் வழியாகச் சில ஆயிரமாகக் குறைத்து, பட்டையின் சொரசொரப்பை நார்மல் மேப்பாக (மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படமாக) வார்த்தெடுத்து ஒட்டுங்கள். கோடு ஓடும் பகுதியை மட்டும் தனி உருவமாகப் பிரித்து வையுங்கள், 30 துண்டுகளும் அதன் மேல்தான் உட்காரவேண்டும்.